செயின் சா பிடிப்பவர்களுக்கான பூட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பரில் கஜா புயல் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, டெல்டாவில் செயின் சா இல்லாத ஊரே இல்லை என்றாகிவிட்டது. மரம் அறுக்கும் மிஷின் என்று எல்லோரும் சொல்லும் அந்த ரம்பம் பரவிய வேகத்தில் அதற்கான பாதுகாப்புச் சாதனங்கள் பரவவில்லை. மரம் வெட்டும் குழுக்களுக்கும் தோப்புக்காரர்களுக்கும் அச்சாதனங்களைப் பற்றி எடுத்துச் சொல்லும்போது ஹெல்மெட், கையுறை குறித்து யாரும் அதிகம் கேட்பதில்லை. காலில் என்ன போடுவது என்பதில்தான் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. மரம் அறுக்கிறவனுக்குத் தனியா ஒரு ஷூவா? சாதாரண சேஃப்டி ஷூ போதாதா?

போதாது. கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்படும் சேஃப்டி ஷூவின் முனையில், கடைகளில் ஸ்டீல் டோ என்று சொல்லப்படும் இரும்புக் கவசம் இருக்கும். 20 கிலோ எடை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், அதாவது 200 ஜூல் ஆற்றலோடு மோதினாலும், விரல்கள் நசுங்கக் கூடாது என்பது அதற்கான சோதனை. மேலிருந்து விழும் கட்டைக்கு அது சரியான காப்பு. ஓடும் செயினோ பெரும்பாலும் விரல் நுனியில் வந்து படுவதில்லை. கிளை கழிக்கும்போது அறுப்பு முடிந்த நொடியில் ரம்பம் தன் எடையோடு கீழே இறங்கும். வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலை முன்வைத்து நிற்பதால், அது இடக்காலின் புறங்கால் மீதோ, நாடா கட்டும் இடத்திலோ, கணுக்காலின் முன்பக்கத்திலோ விழுவதற்கே வாய்ப்பு அதிகம். சாதாரண சேஃப்டி ஷூவில் அந்த இடத்தில் இருப்பது ஓர் அடுக்குத் தோலும் அதன் கீழே ஒரு நாக்குத் துணியும் மட்டுமே.

செயின் சாவுக்கென்று செய்யப்படும் பூட்ஸில் விரலுக்கான இரும்புக் கவசமும் உண்டு. அது முடியும் இடத்திலிருந்து கணுக்காலுக்கு மேல்வரை முன்பக்கம் முழுவதும் வெட்டுத் தடுப்பு அடுக்கும் உண்டு. கணுக்காலுக்குக் கீழே முடிந்துவிடும் தாழ்ந்த ஷூ வடிவில் இது கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

2. ஓடுற செயினை ஒரு துணி எப்படி நிறுத்தும்? நம்புற மாதிரி இல்லையே?

வெட்டுப்படாமல் எதிர்த்து நிற்பதால் மட்டும் அது நிறுத்துவதில்லை. அந்த அடுக்குகளில் அரமிட், பாலியெஸ்டர், நைலான் போன்ற வலுவான இழைகள் நீளமாக, தளர்வாக வைக்கப்பட்டிருக்கின்றன. செயினின் பல் தோலைக் கிழித்து உள்ளே போனதும் இந்த இழைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இழுபட்ட இழைகள் செயினோடு சேர்ந்து, செயினை ஓட்டும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குப் போய் அங்கே சுற்றிக்கொண்டு இறுகுகின்றன, செயின் நின்றுவிடுகிறது.

இப்படி வெட்டு வாங்கிய பூட்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். தோலில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசலும் அதற்குள்ளிருந்து பிதுங்கி நிற்கும் வெளிர்மஞ்சள் நாரும் தெரியும். ரம்பத்தின் பக்க மூடியைக் கழற்றினால், அதே நார் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டிய அளவுக்கு இறுகிக் கிடக்கும். ரப்பரில் செய்த பூட்ஸ்களில் தடித்த ரப்பரும் அதனுள் பதித்த துணி அடுக்குகளும் சேர்ந்து செயினின் வேகத்தைக் குறைக்கின்றன.

3. கடைக்காரர் எல்லா ஷூவையும் "செயின் சா ஷூ"ங்கறார். எந்த முத்திரையைப் பார்த்து வாங்கணும்?

நாக்கின் உட்புறத்திலோ மேல் விளிம்பின் உள்ளேயோ தைத்திருக்கும் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். இஎன் ஐஎஸ்ஓ 17249 என்ற தரநிலை எண்ணும், கேடயத்துக்குள் செயின் சா வரைந்த சிறு படமும், அதனோடு பாதுகாப்பு நிலையைக் காட்டும் எண்ணும் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் விற்பனைக்கு வருபவற்றில் சிஇ முத்திரைக்கு அருகே நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2018 ஏப்ரல் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/425 ஒழுங்குவிதி, கையில் பிடிக்கும் செயின் சாவின் வெட்டைத் தடுக்கும் சாதனங்களை மிகக் கடுமையான ஆபத்துகளுக்கான மூன்றாம் வகையில் சேர்த்தது. அந்த வகைப் பொருள்களின் தயாரிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் அமைப்பின் எண்தான் அது. அமெரிக்கச் சந்தைக்கான பூட்ஸ் என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்1818 என்று இருக்கும்.

ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15298 பகுதி 2 என்ற எண்ணும் உள்ள ஷூ நல்ல சேஃப்டி ஷூதான், போலியல்ல. ஆனால் அந்தத் தரநிலை மேலே முதல் கேள்வியில் சொன்ன விரல் கவசம், சோல், தோல் ஆகியவற்றைப் பற்றியது. செயின் வெட்டைத் தடுக்கும் என்று அது எங்கும் உறுதி சொல்வதில்லை. கேடயப் படம் இல்லாத எதையும் செயின் சா பூட்ஸ் என்று வாங்காதீர்கள். இஎன் ஐஎஸ்ஓ 17249 வருவதற்கு முன்பிருந்த பழைய இஎன் 381 வரிசை எண்கள் அச்சிட்ட சரக்கும் சில இடங்களில் கிடக்கிறது. அதைப் பற்றிப் பதினாறாம் கேள்வியில் பார்க்கலாம்.

4. லெவல் 1, லெவல் 2ன்னு போட்டிருக்கே. என் மிஷினுக்கு எது?

அந்த எண்கள் சோதனையில் செயின் ஓடிய வேகத்தைக் குறிக்கின்றன. லெவல் 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர், லெவல் 2 என்றால் 24, லெவல் 3 என்றால் 28, லெவல் 4 என்றால் 32. நொடிக்கு 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கிலோமீட்டர்.

உங்கள் ரம்பத்தின் செயின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். ஸ்ப்ராக்கெட்டின் பற்களை இரண்டால் பெருக்கி, அதைச் செயினின் கண்ணி இடைவெளியான பிட்ச் அளவால் பெருக்கினால், ஒரு சுற்றில் செயின் நகரும் தூரம் கிடைக்கும். எட்டில் மூன்று அங்குல பிட்ச் செயினும் 7 பல் ஸ்ப்ராக்கெட்டும் உள்ள ரம்பத்தில் அது ஏறத்தாழ 133 மில்லிமீட்டர். மரத்துக்குள் இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஓடினால் செயின் வேகம் நொடிக்கு 20 மீட்டர் ஆகிறது. மரத்திலிருந்து வெளியே வந்ததும், ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்திருந்தால், 13,500 சுற்றுக்கு ஏறி 30 மீட்டரைத் தொட்டுவிடும். கால்மீது விழுவது வெளியே வந்த அந்த ரம்பம்தான் என்பதால் இரண்டாவது கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டதும் பலர் நேரே லெவல் 4 வேண்டும் என்கிறார்கள். எண் ஏற ஏற அடுக்குகள் கூடி பூட்ஸ் விறைப்பாகவும் கனமாகவும் ஆகிறது. கிளை கழிப்பு, தோட்ட வேலை, நடுத்தர ரம்பம் என்றால் லெவல் 1 அல்லது 2 போட்டு நாள் முழுவதும் நடமாடுவதே நல்லது என்பது என் கருத்து. பெரிய ரம்பத்தோடு பெரிய மரங்களையே தொடர்ந்து அறுப்பவர்கள் 2க்குக் கீழே போக வேண்டாம்.

5. அப்போ லெவல் 3 போட்டுக்கிட்டா கால் வெட்டுப்படவே படாதா?

படலாம். சோதனைக் கூடத்தில் நடப்பது வேறு, தோப்பில் நடப்பது வேறு. அங்கே ஒரு சுழல் சக்கரத்தின் உந்தத்தில் குறிப்பிட்ட வேகத்தில் ஓடும் செயினை, குறிப்பிட்ட கோணத்தில் பூட்ஸின்மீது இறக்கிப் பார்க்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் ரம்பத்தின் எடை, செயினின் கூர், விழும் கோணம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆக்சிலேட்டரை நீங்கள் விட்டீர்களா இல்லையா என்பது ஆகிய எதுவும் அந்தச் சோதனைக்குள் அடங்காது. ஆக்சிலேட்டரை அழுத்தியபடியே ரம்பம் காலில் இறங்கினால் எந்த லெவலும் உத்தரவாதம் இல்லை. பக்கவாட்டிலும் குதிகால் பக்கமும் தடுப்பு அடுக்கு பெரும்பாலும் இருப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பூட்ஸ் தருவது நேரம். செயின் ஆழமாக இறங்குவதற்குள் கை விலகவும் செயின் பிரேக் விழவும் தேவைப்படும் நொடியின் ஒரு பகுதியை அது வாங்கித் தருகிறது. எலும்புவரை போகும் வெட்டு தோலோடு நிற்பதும் இந்த இடைவெளியில்தான்.

6. இதைப் போட்டே ஆகணும்னு சட்டம் இருக்கா?

நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் மரம் வெட்டி எடுக்கும் தொழிலுக்கு, தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வகுத்த விதி 1910.266, ரம்பம் இயக்கும் ஒவ்வொரு தொழிலாளியும் ஓடும் செயினிலிருந்து காக்கும் வெட்டுத் தடுப்புப் பொருளால் ஆன காலணி அணிந்திருப்பதை முதலாளி உறுதிசெய்ய வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. காலணி கணுக்காலை மூடித் தாங்க வேண்டும், நீர் புகாததாகவோ நீரை எதிர்ப்பதாகவோ இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. இது காட்டில் மரம் எடுக்கும் தொழிலுக்கானது. வீட்டு வாசலிலும் தெருவோரத்திலும் மரம் வெட்டுபவர்களுக்கு அங்கே பொதுவான பாதுகாப்புச் சாதன விதிகள் பொருந்துகின்றன. பிரிட்டனில் 1992ஆம் ஆண்டின் தனிநபர் பாதுகாப்புச் சாதன விதிகளின் கீழ், சுகாதார பாதுகாப்பு நிர்வாக அமைப்பின் செயின் சா வழிகாட்டி இஎன் ஐஎஸ்ஓ 17249 பூட்ஸைக் குறிப்பிடுகிறது.

இந்தியாவில் வேலையிடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருப்பதும் தேவையான பாதுகாப்பைத் தருவதும் முதலாளியின் பொறுப்பு என்ற பொதுக் கடமை சட்டத்தில் உண்டு. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களையே அது பற்றுகிறது என்பதால், மூன்று நான்கு பேராகப் போய் மரம் வெட்டும் குழுக்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றன. வேலை கொடுப்பவர் தன் ஒப்பந்தத்திலேயே காலணியின் தரநிலை எண்ணை எழுதிவிடுவதுதான் இங்கே நடைமுறையில் பலன் தரும் வழி.

7. காசு யார் கொடுக்கணும்? மேஸ்திரி எங்க கூலியில பிடிக்கிறாரே?

பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் வேலையிடச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, சட்டம் கட்டாயமாக்கும் பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளரிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது. அமெரிக்காவிலும் பெரும்பாலான சாதனங்களுக்கு முதலாளியே செலவிட வேண்டும். ஆனால் மேலே சொன்ன மரம் வெட்டுவோர் பூட்ஸுக்கு மட்டும் அந்த விதியிலிருந்து வெளிப்படையாக விலக்கு அளித்திருக்கிறார்கள், அதைத் தொழிலாளியே வாங்கிக்கொள்ள நேரலாம். வினோதமான விலக்குதான், இருந்தாலும் விதி அப்படித்தான் இருக்கிறது.

இந்தியச் சட்டத்தொகுப்பு தனக்குள் அடங்கும் நிறுவனங்களில் பாதுகாப்புக்கான ஏற்பாட்டுக்குத் தொழிலாளரிடம் கட்டணம் வசூலிப்பதைத் தடுக்கிறது. ஆகவே அத்தகைய ஒப்பந்ததாரர் கூலியில் பிடிப்பது தவறு. சிறு குழுக்களில் சட்டத்தைக் காட்டிப் பேசுவது கடினம் என்பதால், வேலைக்கு விலை பேசும்போதே காலணிக்கான தொகையைச் சேர்த்துச் சொல்லிவிடுமாறு மேஸ்திரிகளிடம் சொல்கிறேன்.

8. வருஷத்துல நாலு நாள்தான் தோப்புல ரம்பம் எடுப்பேன். அதுக்குமா இவ்வளவு விலையில பூட்ஸ்?

எப்போதாவது மட்டும் பயன்படுத்துபவருக்கு பிரிட்டன் வழிகாட்டி ஒரு மாற்று தருகிறது. தரை சமமாக இருந்து, இடறவும் புதர் மாட்டவும் வாய்ப்புக் குறைவாக இருந்தால், ஸ்டீல் டோ உள்ள சேஃப்டி பூட்ஸின்மீது கெய்ட்டர் எனப்படும் வெட்டுத் தடுப்பு உறையைக் கட்டிக்கொள்ளலாம். இஎன் 381-9 அல்லது இப்போதைய இஎன் ஐஎஸ்ஓ 11393-5 எண் அதில் இருக்க வேண்டும்.

நிபந்தனையைக் கவனியுங்கள். வரப்பு, வாய்க்கால், விழுந்து கிடக்கும் மட்டைகள் நிறைந்த தென்னந்தோப்பைச் சமதரை என்று சொல்ல முடியாது. உறையின் வார் கிளையில் மாட்டிக்கொண்டால் அதுவே ஆபத்து. வீட்டு முற்றத்தில் விறகு துண்டு போடுவதற்கு உறை போதும். தோப்புக்குள் போவதானால் அந்த நான்கு நாளைக்கும் பூட்ஸ் உள்ள ஆளை அழைப்பதே மலிவு.

9. மழைக்காலத்துல கம் பூட்ஸ் போட்டு அறுக்கலாமா?

வயலுக்கும் சாக்கடை வேலைக்கும் போடும் சாதாரண கம் பூட்ஸ் கூடவே கூடாது. ஒற்றை ரப்பர் அடுக்கைச் செயின் உணர்வதே இல்லை. அதோடு அது காலில் தளர்ந்து, சேற்றில் கழன்று நிற்கும். ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு கால் தடுமாறுவதைவிட மோசமான நிலை இந்த வேலையில் குறைவு.

அதே உருவத்தில் 17249 முத்திரையோடு வரும் ரப்பர் பூட்ஸ் வேறு பொருள். சதுப்பிலும் தண்ணீர் தேங்கிய இடத்திலும் தோல் பூட்ஸைவிட அதுவே நல்லது. நீர் துளியும் புகாது, கழுவி வைத்துவிடலாம். குறை என்னவென்றால் கணுக்காலுக்குப் பிடிப்புக் குறைவு, வெயிலில் உள்ளே வியர்த்துக் கொட்டும், மரம் ஏறுவதற்கு ஆகாது.

10. சீமைக் கருவேல முள்ளு எந்த ஷூவையும் துளைக்குது. அதுக்கு என்ன?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி செயினுக்கு இணையாக முக்கியமானது. சீமைக் கருவேலம் அகற்றும் வேலையில் முள் ஏறுவது அன்றாட நிகழ்வு. முள் ஏறிய காலை உதறும் நொடியில் ரம்பம் எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். வெட்டுத் தடுப்பு முன்பக்கத்தில்தான் இருக்கிறது, உள்ளங்காலுக்கான தகடு அதிலிருந்து தனி. எல்லாச் செயின் சா பூட்ஸிலும் அது இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

குறியீட்டில் எஸ்3 என்றோ பி என்றோ இருந்தால் சோலுக்குள் துளைப்புத் தடுப்பு உண்டு. சோதனையில் 1,100 நியூட்டன் விசையில் ஓர் ஆணியை அழுத்திப் பார்த்திருப்பார்கள். சேஃப்டி ஷூவுக்கான ஐஎஸ்ஓ 20345 தரநிலையின் 2021 பதிப்பு இதை மூன்றாகப் பிரித்தது. பி என்பது உலோகத் தகடு. பிஎல், பிஎஸ் இரண்டும் உலோகமல்லாத அடுக்குகள். பிஎல் சோதனைக்கு 4.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஆணியும், பிஎஸ் சோதனைக்கு 3 மில்லிமீட்டர் ஆணியும் பயன்படுகின்றன. துணி அடுக்கின் இழைகளுக்கிடையே மெல்லிய முனை நுழைந்துவிடும் என்பதால் முள்காட்டு வேலைக்கு உலோகத் தகடுள்ள பி, இல்லையென்றால் பிஎஸ். பிஎல் வேண்டாம்.

11. புது பூட்ஸ் ரொம்ப அகலம், ஸ்டார்ட் பண்ணும்போது பின் கைப்பிடிக்குள்ள நுழையல. என்ன செய்ய?

ரம்பத்தைத் தரையில் வைத்து, இடக்கையால் முன் கைப்பிடியை அழுத்தி, வலக்கால் பூட்ஸின் முனையைப் பின் கைப்பிடிக்குள் செருகிக்கொண்டு கயிறு இழுப்பதுதான் முறையான வழி. சிறிய ரம்பங்களில் கைப்பிடி வளையம் குறுகலாக இருப்பதால் தடித்த முனையுள்ள பூட்ஸ் முழுதாக நுழையாது. வாங்கும் முன் ரம்பத்தைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பொருத்திப் பாருங்கள். நுழையாவிட்டால், பின் கைப்பிடியை இரு தொடைகளுக்கு இடையே இறுக்கி, செயின் பிரேக் போட்ட நிலையில் ஸ்டார்ட் செய்யும் இன்னொரு முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ரம்பத்தைக் காற்றில் தொங்கவிட்டபடி கயிறு இழுப்பதை ஒருபோதும் ஏற்க முடியாது.

அகலத்தைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பிய அளவுகள் ஐரோப்பியக் கால்களுக்கானவை. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாடு முழுவதும் நடத்திய ஆய்விலும் இந்தியப் பாதங்கள் ஐரோப்பியப் பாதங்களைவிட அகலமானவை என்றே தெரியவந்தது. அதனால் நம்மவர்கள் அகலத்துக்காக ஓர் எண் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். அப்போது நீளம் கூடி, விரல் கவசத்துக்கும் விரலுக்கும் நடுவே வெற்றிடம் விழுகிறது, சரிவில் கால் முன்னே வழுக்குகிறது. அதே எண்ணில் அகல வார்ப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். தடித்த காலுறை போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும்.

12. தென்னை ஏறுறவங்க வெறுங்காலோடதான் ஏறுவாங்க. ஷூ போட்டா வழுக்குமே?

தளை போட்டு ஏறித் தேங்காய் பறிப்பவருக்கு வெறுங்கால்தான் பிடிப்பு என்பது உண்மை. அந்தத் தொழில் திறனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அதே ஆள், அதே தளையோடு, கையில் செயின் சாவுடன் உச்சியில் நிற்பது வேறு வேலை. அங்கே புறங்காலும் முழங்காலும் அறுக்கும் இடத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் இருக்கின்றன, விலக இடமும் இல்லை.

மேலே செயின் சா போக வேண்டுமானால் இடுப்பு வார், கயிறு, காலில் கட்டும் முள் இரும்பு, அதைத் தாங்கும் அளவுக்கு உள்ளங்கால் விறைப்பான தோல் பூட்ஸ் ஆகியவை சேர்ந்தே போக வேண்டும். மென்மையான சோல் உள்ள பூட்ஸில் முள் இரும்பு கட்டினால் அரை மணி நேரத்தில் பாத வளைவு வலிக்கத் தொடங்கிவிடும். சோலுக்கும் குதிக்கும் இடையே தெளிவான படி இருப்பதையும் பாருங்கள், முள் இரும்பின் கம்பி அதில்தான் அமரும். இவை இல்லையென்றால் தூக்கு வண்டி வரவழைக்க வேண்டும், அல்லது மேலே கைரம்பமும் அரிவாளும் மட்டும் போக வேண்டும்.

13. இந்த வெயில்ல ரெண்டு கிலோ பூட்ஸை எப்படிங்க போட்டு நிக்கிறது?

புகார் நியாயமானது. ஒரு ஜோடி ஏறத்தாழ 2 கிலோ இருக்கும், இவை குளிர்நாடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. உட்புறம் நீர்த்தடுப்புச் சவ்வு உள்ள மாதிரிகளை நம் கோடைக்கு வாங்க வேண்டாம், சவ்வு இல்லாத தோல் பூட்ஸ் சற்றுக் காற்றோட்டமாக இருக்கும். இரண்டு ஜோடிக் காலுறை கொண்டுபோய் நண்பகலில் மாற்றுங்கள். அறுப்பு வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்து, கிளை இழுப்பதைப் பிறகு வைத்துக்கொள்வது பல குழுக்களில் நன்றாக நடக்கிறது. நாடாவைத் தளர்த்திக் கட்டி நாக்கை வெளியே மடித்துவிடுவது மட்டும் கூடாது, தடுப்பு அடுக்கே அந்த நாக்கில்தான் இருக்கிறது.

14. நான் பேட்டரி செயின் சாதான் வெச்சிருக்கேன். அது சின்னது, ஆபத்து கம்மிதானே?

சத்தம் குறைவு, ஆபத்து குறைவு அல்ல. பெட்ரோல் ரம்பத்தில் செயின் இறுகினால் கிளட்ச் நழுவும். இரண்டாம் பதிலில் சொன்ன இழை முறை அதற்குப் பொருத்தமாக வளர்ந்தது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை தருவதால், இழை சுற்றிய பிறகும் செயினை இழுக்க முயலும். சில வெட்டுத் தடுப்பு ஆடைகளின் சீட்டிலேயே மின்ரம்பத்துக்கு உரியதல்ல என்று அச்சிட்டிருப்பதற்குக் காரணம் இது. பூட்ஸ் தேவையே, அதை அணிந்த துணிவில் கவனம் குறையக் கூடாது.

15. பூட்ஸ் போட்டிருக்கேன், கரண்டு கம்பி கிட்ட மரம் வெட்டலாமா?

கூடாது. ரப்பர் சோல் காப்பாற்றும் என்ற நம்பிக்கை ஊர்தோறும் இருக்கிறது. தெருவில் போகும் கம்பி 11,000 வோல்ட்டாக இருக்கலாம். ஈரமான, ஆணி குத்திய, சேறு பூசிய சோல் அதற்கு ஒரு தடையே இல்லை. மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தி, நிறுத்தியதை உறுதிசெய்த பிறகே தொட வேண்டும்.

16. பாதி விலையில பழைய ஸ்டாக் கிடைக்குது. பெட்டி கூடப் பிரிக்கல. வாங்கலாமா?

முதலில் சீட்டில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் பாருங்கள். பாலியூரித்தேன் சோல் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும், போடாமல் வைத்திருப்பதால் அது நிற்பதில்லை. நம் கடலோர ஊர்களின் கிடங்குகளில் சில ஆண்டுகள் கிடந்த பூட்ஸ் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். முதல் மழையில் நான்கு அடி நடந்ததும் சோல் துண்டு துண்டாக உதிரும். கட்டை விரலால் குதியின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ விரிசல் தெரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரப்பர் சோல் இதில் நீண்ட நாள் தாங்கும். இஎன் 381 காலத்து எண் மட்டும் அச்சிட்டிருந்தால், சரக்கின் வயதை அதுவே சொல்லிவிடுகிறது.

17. லேசா செயின் பட்டு கிழிஞ்சிருச்சு. செருப்புத் தைக்கிறவர்கிட்டக் கொடுத்து ஒட்டிக்கலாமா?

மேல்தோலில் முள் கீறிய கோடு என்றால் மெழுகு பூசிப் போடலாம். செயின் பட்டு நார் வெளியே தெரிந்தால் அந்த பூட்ஸின் வேலை முடிந்தது. இழுபட்ட இழைகள் உள்ளே இடம் மாறியிருக்கும், தைக்கும் ஊசி மிச்ச இழைகளையும் சேர்த்துக் கட்டிவிடும். தளர்வாக இருந்தால்தான் அவை இழுபட்டுப் போய் ஸ்ப்ராக்கெட்டில் சுற்றும் என்பதை இரண்டாம் பதிலில் பார்த்தோம்.

பெட்ரோலும் செயின் ஆயிலும் ஊறிய பூட்ஸையும் தள்ளிவையுங்கள். நனைந்ததை அடுப்போரம் காயவைக்க வேண்டாம், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைத்தால் போதும்.

18. கிளை இழுக்கிற ஆளுக்கும் இதே பூட்ஸா? ஒரு ஜோடி வாங்கி மாத்தி மாத்திப் போட்டுக்கலாமா?

ரம்பத்தைத் தொடாமல் கிளை மட்டும் இழுப்பவருக்கு நல்ல சேஃப்டி பூட்ஸும், முள்காடு என்றால் பத்தாம் பதிலில் சொன்ன தகடும் போதும். அவர் அறுப்பவரிடமிருந்து தள்ளி நிற்பதுதான் அவருடைய முதல் பாதுகாப்பு. ஆனால் "அண்ணன் டீ குடிக்கப் போயிருக்காரு, நான் ஒரு வெட்டுப் போடுறேன்" என்று ரம்பத்தை எடுக்கும் வழக்கம் உள்ள குழுவில் அவருக்கும் செயின் சா பூட்ஸ் வேண்டும். மாற்றிப் போடுவது சரிவராது. பூட்ஸ் ஒருவரின் கால் மடிப்புக்கு ஏற்பப் படிந்துவிடும், மற்றவருக்கு அது தளரும் அல்லது கடிக்கும். பூஞ்சைத் தொற்று தனிக்கதை.

19. கையில இருக்கிற பணத்துக்கு ஒண்ணுதான் வாங்க முடியும். பூட்ஸா, தொடைக்குப் போடுற சாப்ஸா?

பூட்ஸைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தாததாகத் தோன்றலாம். காலணி ஏதும் இல்லாமல் ரப்பர் செருப்போடு நிற்பவர் என்றால், முதலில் ஐஎஸ்ஐ சேஃப்டி பூட்ஸும் சாப்ஸும் சேர்த்து வாங்கட்டும், செயின் சா பூட்ஸ் அடுத்த பருவத்தில் வரட்டும். ரம்பக் காயங்கள் அதிகம் படுவது தொடையிலும் முழங்காலிலும். ஒரு ஜோடி இறக்குமதி பூட்ஸின் விலையில் பெரும்பாலும் இவ்விரண்டும் கிடைத்துவிடும். சேஃப்டி பூட்ஸ் ஏற்கெனவே இருப்பவரும் முதலில் சாப்ஸையே வாங்க வேண்டும்.

சாப்ஸின் நீளத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மேலே குறிப்பிட்ட அமெரிக்க விதியே தொடை முழுவதிலிருந்து பூட்ஸின் மேல் விளிம்புவரை மூடியிருக்க வேண்டும் என்கிறது. நின்றபடி அளவு பார்த்தால் சரியாக இருப்பது, குனிந்து முழங்காலை மடித்ததும் நான்கு விரற்கடை மேலேறிவிடும். கடையிலேயே ஒரு முறை குந்தி எழுந்து பாருங்கள். கீழ் விளிம்பு பூட்ஸுக்கு வெளியே, நாடா முடிச்சை மறைத்தபடி நிற்க வேண்டும். உள்ளே செருகினால் மரத்தூள் எல்லாம் பூட்ஸுக்குள் இறங்கிவிடும்.